ஒரே மருந்து, இரண்டு கை: பீடைநாசினி நம் மண்ணுக்குள் போன பிறகு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எங்கள் குடும்பத்துக்கு வயல் இருக்கிறது. நான் படித்தது மண் இரசாயனம். அதனால் வட்டையில் (வயல்வெளியில்) நான்கு பேர் கூடினாலும், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேதன இரசாயனம் சொல்லிக் கொடுக்கப் போனாலும், கடைசியில் பேச்சு, கைத்தன்மை உள்ள பீடைநாசினிகள் மண்ணில் என்ன ஆகின்றன என்பதில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கைத்தன்மை உள்ள பீடைநாசினி என்றால் என்ன?

இடம்புரிச் சங்கு ஒன்றையும் வலம்புரிச் சங்கு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சுண்ணாம்பு. அளவும் எடையும் ஒன்றாகவே இருக்கலாம். புரி மட்டும் எதிர்ப்பக்கம். ஒன்றை எப்படிப் புரட்டினாலும் மற்றதாக வராது. நம் வலக்கையும் இடக்கையும் இப்படித்தான். சில இரசாயன மூலக்கூறுகளும் இப்படியே இரண்டு வடிவில் இருக்கின்றன. ஒரு காபன் அணுவில் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் பிணைந்திருந்தால் இது நேரும். உயர்தரப் பாடத்தில் சமச்சீரற்ற காபன், எதிருருக்கள் என்று படிப்பது இதைத்தான். காபனில் மட்டும் என்றில்லை. புரொபெனொபொஸ், அசிபேற் போன்றவற்றில் பொசுபரசு அணுவிலும், பிப்ரோனிலில் கந்தக அணுவிலும் கைத்தன்மை இருக்கிறது.

தொழிற்சாலையில் சாதாரண வழியில் செய்தால் இரண்டு கையும் சரிபாதியாகத்தான் வரும். போத்தலில் ஒரு பெயர்தான் எழுதியிருக்கும், உள்ளே இருப்பது இரண்டு பொருள். உலகச் சந்தையில் உள்ள பீடைநாசினிகளில் கால்வாசிக்கு மேல் இந்த வகை.

சூத்திரம் ஒன்று, உருகுநிலை ஒன்று, கரைதிறன் ஒன்று. பிறகு மண்ணுக்கு மட்டும் வித்தியாசம் எப்படித் தெரிகிறது?

சைக்கிளின் இரண்டு பெடலையும் கழற்றிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். வலப்பக்கப் பெடலுக்கு நேர்புரி, இடப்பக்கப் பெடலுக்கு மறுபுரி. கழற்றித் தரையில் போட்டால் இரண்டும் ஒரே இரும்பு. தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும், காந்தம் இரண்டையும் ஒன்றாகவே இழுக்கும், மழையில் விட்டால் இரண்டும் ஒன்றாகவே துருப்பிடிக்கும். மாட்டப் போகும்போதுதான், புரி உள்ள துளைக்குத்தான், எது எது என்று தெரியும்.

மண்ணில் உள்ள களித்துகள், தண்ணீர், வெயில், சூடு எல்லாம் தராசும் காந்தமும் மாதிரி. மருந்து களியில் ஒட்டுவதும், தண்ணீரோடு கீழே இறங்குவதும், ஆவியாவதும், வெயிலில் சிதைவதும் இரண்டு கைக்கும் ஏறத்தாழ ஒன்றே. புரி உள்ள துளை, நுண்ணங்கிகள் மருந்தை உடைக்கப் பயன்படுத்தும் நொதியம். நொதியங்கள் புரதத்தால் ஆனவை. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் ஒரே கையைச் சேர்ந்தவை. அதனால் அந்தத் துளைக்கு ஒரு கை இலகுவாகப் போகும், மற்றக் கை தட்டுப்படும் அல்லது போகவே போகாது.

இதைச் சோதிப்பதும் எளிது. அதே மண்ணைக் கிருமியழித்து, உயிரில்லாமல் ஆக்கி, அதே மருந்தைக் கலந்து வைத்தால் இரண்டு கையும் சரிபாதியாகவே நிற்கும். உயிருள்ள மண்ணில் விகிதம் சரியும். லூயி பாஸ்டர் 1848 இல் தார்த்தாரிக் அமில உப்பின் பளிங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு கையையும் பிரித்தார். பத்து வருடம் கழித்து, சரிபாதிக் கலவையில் வளர்ந்த ஒரு பூஞ்சணம் ஒரு கையை மட்டும் தின்று மற்றதை மிச்சம் வைத்ததைக் கண்டார். நம் வயலில் நடப்பதும் அதுதான்.

உயிருக்குக் கை தெரியும் என்பதற்கு மூக்கும் சாட்சி. புதினாவின் வாசனைக்கும் சதகுப்பை விதையின் வாசனைக்கும் காரணமான கார்வோன் ஒரே மூலக்கூறுதான், கை மட்டும் வேறு.

நாங்கள் அடிக்கும் மருந்துகளில் எதற்கெல்லாம் கை உண்டு?

கிளைபொசேற், பராகுவாட், குளோர்பைரிபொஸ், கார்போபியூரான், 2,4-டி, எம்.சி.பி.ஏ., பிரெற்றிலாகுளோர், பிஸ்பைரிபக், இமிடாகுளோபிரிட் ஆகியவற்றுக்குக் கை இல்லை. இவற்றில் சில நம் நாட்டில் வெவ்வேறு காலங்களில் தடைக்கு உள்ளானவை. அந்தத் தடைகளுக்கும் கைத்தன்மைக்கும் தொடர்பு இல்லை.

கை உள்ளவை: வயலில் புல்லுக்கு அடிக்கும் பெனொக்சாப்ரொப், சைஹலோபொப். நிலக்கடலை, வெங்காயத்தில் பயன்படும் புளுவாசிபொப், குவிசாலோபொப். மடல் கருகலுக்கு அடிக்கும் ஹெக்சாகொனசோல், தெபியூகொனசோல், புரோபிகொனசோல். நாற்றழுகலுக்குப் போடும் மெட்டலாக்சில். சைபர்மெத்ரின் முதலான பைரத்திரொயிட்டுகள் என்ற பூச்சிகொல்லிகள். மலத்தியனும் இதில் சேரும். ஒன்றுக்கு மேற்பட்ட கைத்தன்மை மையம் இருந்தால் வடிவங்களும் பெருகும். புரோபிகொனசோலுக்கு நான்கு, சைபர்மெத்ரினுக்கு எட்டு.

போத்தலில் பெயருக்கு நடுவில் ஓர் எழுத்து தனியாக நிற்கிறதே, அது என்ன?

போன பெரும்போகத்தில் எங்கள் வயல் வாடியில் (காவல் குடிலில்) நடந்தது இது. பெரியப்பா போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபலை எழுத்துக்கூட்டி வாசித்தார். "பெனொக்சாப்ரொப்... பி... எதைல். இதென்ன மனே, பேருக்கு நடுவில ஒரு 'பி' தனிய நிக்குது?"

அந்தப் 'பி'தான் கை. வேலை செய்யும் கையை, அதாவது களையைக் கொல்லும் கையை, மட்டும் பிரித்து, அல்லது அதை மட்டும் செய்து, போத்தலில் அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புளுவாசிபொப்-பி, குவிசாலோபொப்-பி, மெக்கோப்ரொப்-பி எல்லாம் அப்படியே. இரசாயனத்தில் இரண்டு கைக்கும் ஆர், எஸ் என்று பெயர். மெட்டலாக்சில்-எம் என்றால் வேலை செய்யும் ஆர் கை அதிகமாக உள்ளது. எஸ்-மெட்டோலாகுளோர் என்றால் எஸ் கை அதிகமாக உள்ளது.

இந்த எழுத்தைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் மிளகாய் செய்யும் உறவினர் ஒருவர் நாற்றுமேடைக்கு மெட்டலாக்சில் வாங்கப் போனார். கடையில் கொடுத்தது 'எம்'. "பழைய அளவுதான், அதே மருந்துதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் 'எம்' வகைக்குத் தேவையான அளவு பழையதில் ஏறத்தாழ பாதி. அவர் மூன்று மேடைக்கு இரட்டிப்பு மருந்தை ஊற்றிவிட்டார். காசு போனது ஒரு பக்கம். அந்த மணலுக்குள் வேலை செய்யும் கை இரண்டு மடங்காக இறங்கியது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் மனதைக் குடைகிறது. லேபலில் அந்த ஓர் எழுத்தைத் தேடுங்கள். அளவு எப்போதும் அந்தப் போத்தலில் எழுதியிருப்பதுதான், போன வருடப் போத்தலில் எழுதியிருந்தது அல்ல.

மண்ணில் எந்தக் கை முதலில் அழியும்? வேலை செய்யும் கையா, வேலை செய்யாத வெறுங்கையா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒரு மருந்துக்கு ஒரு விடை என்று எழுதிவைத்துக்கொள்ள முடியாது. மருந்து அதேதான் இருக்கும், மண் மாறினால் விடையும் மாறும்.

மெட்டலாக்சிலையே எடுப்போம். சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் பல வகை மண்ணில் இதைக் கலந்து பார்த்து 2003 இல் வெளியிட்டார்கள். காற்றோட்டம் உள்ள மண்ணில் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5 க்கு மேல் இருந்தால், பங்கசைக் கொல்லும் ஆர் கை வேகமாக அழிந்தது, எஸ் மிஞ்சியது. பிஎச் 4 க்கும் 5 க்கும் இடையில் இரண்டும் ஒரே வேகம். 4 க்குக் கீழே போனால் தலைகீழ். ஒட்சிசன் இல்லாத மண்களிலும் பெரும்பாலும் தலைகீழ்தான், எஸ் முதலில் அழிந்து ஆர் மிஞ்சியது. பிஎச் மாறினால் அங்கே வாழும் நுண்ணங்கிக் கூட்டம் மாறும். கூட்டம் மாறினால் துளையின் புரியும் மாறும்.

1999 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு பிரேசில், நோர்வே, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் மண்ணை எடுத்துப் பார்த்தது. காட்டு மண்ணில் ஒரு கை முந்தியது. அதே இடத்தில் காட்டை வெட்டிப் புல்வெளியாக்கிய நிலத்தில் நுண்ணங்கிகளின் அந்த விருப்பம் மாறியிருந்தது. மண்ணைச் சூடாக்கியபோதும், ஊட்டம் சேர்த்தபோதும் விருப்பம் நகர்ந்தது. நிலத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பது, நாம் ஊற்றியதில் எது மிஞ்சும் என்பதையும் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைப் படித்த நாளிலிருந்துதான் எனக்கு வயலைப் பார்க்கும் கண் மாறியது.

நம் வயல் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் வயல். அங்கே எப்படி?

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். தண்ணீர் கட்டி மூன்று, நான்கு வாரமான வயலில் இறங்கி, சேற்றில் விரலைச் செங்குத்தாகக் குத்தி மெதுவாகப் பிளந்து பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் மண்ணிறத் தோல் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே நீலச் சாம்பல் நிறம். இன்னும் கிளறினால் கூழ்முட்டை நாற்றம். ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கி அலசினால் வேரைச் சுற்றித் துருநிறம் படிந்திருக்கும். மேல் தோலுக்குத் தண்ணீர் வழியாக ஒட்சிசன் கிடைக்கிறது. வேருக்குப் பயிரே தண்டு வழியாக ஒட்சிசன் இறக்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் சேற்றில் ஒட்சிசன் இல்லை.

வெள்ளம் கட்டிய மண்ணின் இரசாயனத்தை உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் நம் நாட்டைச் சேர்ந்த பொன்னம்பெரும. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். தண்ணீர் கட்டிச் சில வாரத்தில் அமில மண்ணின் பிஎச் மேலேறும், கார மண்ணின் பிஎச் கீழிறங்கும், இரண்டும் நடுநிலைக்குக் கிட்ட வந்து சேரும் என்று காட்டினார். ஒட்சிசன் தீர்ந்தபின் நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று வரிசையாக ஒவ்வொன்றையும் நுண்ணங்கிகள் பயன்படுத்தும். கூழ்முட்டை நாற்றம் சல்பேற்றுக்கு முறை வந்துவிட்டதன் அடையாளம்.

மெட்டலாக்சில் ஆய்வை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மேல் தோலில் காற்றும் நடுநிலை பிஎச்சும் உண்டு, அங்கே ஒரு கை முந்தலாம். விரல்கணு ஆழத்தில் காற்றில்லை, அங்கே மற்றக் கை முந்தலாம். ஒரே வயலில், ஒரே விரல் ஆழத்துக்குள், இரண்டு விருப்பம். நடுவில் தண்ணீரை வடித்துக் காயவிட்டால் வெடிப்பு வழியே காற்று இறங்கி எல்லாம் மறுபடி மாறும். அதனால்தான் குளிர்நாட்டுக் கோதுமை வயலில் அளந்த எண்ணை எடுத்து சம்மாந்துறை வயலுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்பதில்லை.

களுதாவளைப் பக்கம் கடற்கரை மணலில்?

அங்கே கதை வேறு. மணலில் களியும் மக்கும் (மக்கிய சேதனப் பொருளும்) குறைவு. மருந்தைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, நுண்ணங்கிகளும் குறைவு. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம், மாரியில் மழையும் கொட்டுகிறது. நுண்ணங்கி கை பார்த்துத் தின்பதற்கு முன்னரே மெட்டலாக்சில் போன்ற தண்ணீரில் கரையும் மருந்து கீழே இறங்கிவிடும். கீழே ஆழமில்லாத கிணற்று நீர், அதைத்தான் குடிக்கிறோம். அங்கே உயிர் இன்னும் குறைவு என்பதால், இறங்கிய விகிதம் அப்படியே நீடிக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கடற்கரைப் பக்கமான எழுவான்கரை மணலில் கைத்தன்மையைவிட அளவும் நேரமும்தான் முதல் கவலை: மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் அடிக்க வேண்டாம்.

ஒரு கை மறு கையாக மாறுமா?

மாறும், சில மருந்துகளில். புளுவாசிபொப் நல்ல உதாரணம். களையைக் கொல்வது ஆர் கை. ஆனால் மண்ணில் விழுந்த எஸ் கையை நுண்ணங்கிகள் சில நாட்களிலேயே ஆர் ஆகப் புரட்டிவிடுகின்றன. 1980களிலேயே இது கண்டறியப்பட்டது. மெக்கோப்ரொப்பிலும் மண்ணுக்குள் இரண்டு கையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாறுவது காணப்பட்டிருக்கிறது. ஆகவே "வெறுங்கைதானே, கிடந்துவிட்டுப் போகட்டும்" என்று எல்லா மருந்துக்கும் சொல்ல முடியாது.

மெக்கோப்ரொப் தின்னும் பற்றீரியாக்களில் ஒன்று, ஆர் கைக்கு ஒன்றும் எஸ் கைக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனி நொதியம் வைத்திருக்கிறது. வலப்பெடலுக்கும் இடப்பெடலுக்கும் வேறு வேறு துளை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

லேபலிலும் கையேட்டிலும் வரும் அரைவாழ்வுக் காலத்தை நம்பலாமா?

அரைவாழ்வு என்பது மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம். அது பெரும்பாலும் இரண்டு கையையும் கூட்டி அளந்த எண். எங்கே இடறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை.

ஒரு கைக்கு அரைவாழ்வு 10 நாள், மற்றதற்கு 30 நாள் என்று வையுங்கள். 10 ஆம் நாள் முதலாவதில் பாதி இருக்கும், இரண்டாவதில் 79 சதவீதம் இருக்கும். கூட்டிப் பார்த்தால் 65 சதவீதம் மிச்சம். இதை வைத்துக் கணக்கிட்டால் அரைவாழ்வு ஏறக்குறைய 16 நாள். அந்தக் கணக்குப்படி 60 ஆம் நாள் 7 சதவீதம்தான் இருக்க வேண்டும். உண்மையில் இருப்பதோ 13 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி, பதினாறில் பதினைந்து பங்குக்கு மேல், மெதுவாக அழியும் கை. பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு உழும்போது மண்ணில் கிடப்பது நீங்கள் ஊற்றிய கலவை இல்லை, அதன் ஒரு பக்கம்.

மிஞ்சிய கை பயிருக்கும் மீனுக்கும் தீங்கற்றதாக இருந்தால் கவலை குறைவு. தீங்கு செய்யும் கை மிஞ்சினால், மொத்த அளவைப் பார்த்து நாம் நிம்மதி அடைவது தவறாகிவிடும்.

தேவையான கையை மட்டும் விற்றால் பிரச்சினை தீராதா?

பாதி தீரும். மெட்டோலாகுளோர் 1970களில் நான்கு வடிவமும் கலந்து வந்தது. களையைக் கொல்லும் வேலை ஏறக்குறைய முழுவதும் இரண்டு வடிவத்துடையது. 1990களின் பிற்பாதியில் அந்த இரண்டும் அதிகமாக உள்ள எஸ்-மெட்டோலாகுளோர் வந்தது. அதே வேலைக்கு ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்த மருந்து போதும் என்றானது. அவ்வளவு இரசாயனம் நிலத்தில் விழாமல் போவது பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கையை மட்டும் செய்ய இரிடியம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தில் செய்த ஊக்கி வேண்டும். எல்லா மருந்துக்கும் அது கட்டுப்படியாகவில்லை.

பைரத்திரொயிட் அடித்த வயல் தண்ணீர் வாவிக்குப் போகிறதே?

பைரத்திரொயிட்டுகள் மண்ணில் இறுக ஒட்டும், கரைந்து போகாது. ஆனால் வக்கடையைத் திறந்துவிட்டால் கலங்கிய சேறு போகும், அதோடு மருந்தும் போகும். மீனுக்கும் இறாலுக்கும் இவை கடும் நஞ்சு. 2005 இல் வந்த ஓர் ஆய்வில் பைபென்த்ரின், பேர்மெத்ரின் போன்றவற்றின் கைகளைப் பிரித்து ஒரு சிறு நீர்த்தெள்ளில் சோதித்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் நஞ்சு பெரும்பாலும் ஒரு கையில்தான் இருந்தது. டெல்டாமெத்ரின் என்பது இருக்கக்கூடிய எட்டு வடிவத்தில் ஒன்று மட்டும். லம்டா-சைஹலோத்ரின் ஒரே ஒரு சோடி. சைபர்மெத்ரினோ எட்டும் சேர்ந்தது.

அறக்கொட்டியானுக்கு (நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திக்கு) பயந்து பைரத்திரொயிட் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சிலந்தியையும் மற்ற நன்மைப் பூச்சிகளையும் கொன்று அறக்கொட்டியானைப் பெருக்கிவிடும். அடித்த கையோடு தண்ணீரைத் திறந்துவிடவும் வேண்டாம். பட்டிருப்பு வாவியில் வலை போடுபவரும் நம் ஆள்தான்.

மலேரியாக் காலத்தில் அடித்த டி.டி.ரி. இன்னும் இருக்குமா? அதற்கும் கை உண்டா?

1940களின் நடுப்பகுதியிலிருந்து நம் நாட்டில் வீட்டுச் சுவரெல்லாம் டி.டி.ரி. அடித்தார்கள். 1963 இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள்தான் என்ற நிலை வந்தது. பிறகு நோய் திரும்பியது. நுளம்பு பழகிவிட்டதால் 1977 இல் மலத்தியனுக்கு மாறினார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

டி.டி.ரி.யின் முக்கிய வடிவத்துக்குக் கை இல்லை. அதோடு கலந்து வரும் ஓர்தோ-பரா வடிவத்துக்கு உண்டு. எச்.சி.எச். என்ற பழைய பூச்சிகொல்லிக் கலவையில் அல்பா வடிவத்துக்கு மட்டும் உண்டு. இதில் ஒரு பயன் இருக்கிறது. மண்ணில் அல்லது காற்றில் இவை சரிபாதியாக இருந்தால் நுண்ணங்கி இன்னும் அதிகம் தொடவில்லை, புதிதாக வந்திருக்கலாம். விகிதம் சரிந்திருந்தால் மண்ணில் நெடுநாள் கிடந்து வந்தது. பழைய கறையா புதிய கறையா என்று ஆய்வாளர்கள் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

வைக்கோலும் மாட்டெருவும் போட்டால்?

மருந்து அழியும் வேகம் பொதுவாகக் கூடும். எந்தக் கை முந்தும் என்பதும் மாறலாம். மண் வளத்துக்காக மட்டுமே போடுவதென்றாலும் போடுங்கள், நம் மண்ணில் மக்கு மிகவும் குறைவு.

இரண்டு கையையும் எப்படி அளக்கிறார்கள்? நாங்கள் மண் எடுத்துக் கொடுக்கலாமா?

சாதாரண குரோமடோகிராபியில், அதாவது கலவையைக் குழாய் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் முறையில், இரண்டும் வரைபில் ஒரே கூராக வரும். பிரிக்க வேண்டுமென்றால் குழாய்க்குள்ளும் கையுள்ள பொருள் வேண்டும். மாச்சத்திலிருந்து செய்யும் சைக்கிளோடெக்ஸ்ட்ரின், அமைலோசு, அல்லது செலுலோசு. கஞ்சியில் இருப்பதும் வைக்கோலில் இருப்பதும்தான். இரண்டு கூர் தனித்தனியாக வரும். ஒன்றின் பரப்பை மொத்தத்தால் வகுத்தால் எதிருருப் பின்னம். 0.5 என்றால் சரிபாதி, விலகினால் உயிர் கை வைத்திருக்கிறது.

மண் எடுத்துக் கொடுப்பவர்கள், குறிப்பாகச் செயற்றிட்டம் செய்யும் மாணவர்கள், ஒன்றை மறக்க வேண்டாம். சாதாரண மண் பரிசோதனைக்கு வெயிலில் காயவைத்துக் கொடுப்போம். இதற்கு அது ஆகாது. பையில் கட்டி மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்தால், அந்தச் சூட்டில் நுண்ணங்கிகள் தின்றுகொண்டே இருக்கும். வவுணதீவில் எடுத்த மண், வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் மேசையில் கிடந்தால் வேறு எண் காட்டும். மேல் தோலை ஒரு போத்தலிலும் சாம்பல் சேற்றை இன்னொரு போத்தலிலும் எடுங்கள். சேற்றுப் போத்தலை விளிம்பு வரை நிரப்பி, காற்று இல்லாமல் இறுக மூடுங்கள். மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோகும் அதே ஐஸ் பெட்டி போதும். ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய், உறைய வைக்கச் சொல்லிக் கொடுங்கள். எந்த நாள் மருந்து அடித்தது, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, லேபலில் 'பி' இருந்ததா இல்லையா என்பதைப் போத்தலில் ஒட்டிய துண்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும்.